யாருடைய பதக்கம்?

அந்நிய அரசன் சூட்டிய பதக்கத்தை நாம் பாராட்டுவதா என்று நம் நண்பர்களில் சிலர் முகஞ் சுளிக்கலாம். கருண் கிருஷ்ண மஜும்தாரின் சரித்திரத்தைப் படித்துவிட்டுப் பிறகு அவர்கள் தீர்ப்புக் கூறட்டும்.

மஜும்தார் 1913-ம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தவர். 1885-ல் பம்பாயில் கூடிய முதலாவது காங்கிரஸ் மகாசபையில் அக்கிராசனம் வகித்த உமேஷ் சந்திர பானர்ஜியின் பேரர். இங்கிலாந்தில் க்ரான்வெல் கலாசாலையில் பயின்று, 1932-ல் ஏற்பட்ட இந்திய விமானப் படையில் அமர்ந்தார்.

1942 பிப்ரவரி ஆரம்பத்தில் அவர் தலைமையில் முதலாவது ஸ்குவாட்ரன் பர்மாவிலுள்ள டவுங்கூ போய்ச் சேர்ந்தது. சேர்ந்தவுடனேயே ஜப்பானியர் அந்தத் தளத்தின் மேல் குண்டு வீசினர். பதில் கொடுக்க மஜும்தாரிடம் இருந்தவை லைஸாண்டர் விமானங்களே. தரைப்படைக்கு உளவு பார்க்கவும், செய்தி கொண்டு செல்லவும் செய்யப்பட்ட மந்தகதி விமானம் அது; குண்டு வீச்சுக்கென்று பிறந்ததல்ல. அதில் 250 பவுண்டு குண்டுகள் இரண்டைப் பூட்டிக்கொண்டு, தம் படையிலிருந்து ஒரே விமானமாகக் கிளம்பி, ஸயாம் எல்லைக்கு அப்பாலிருந்த மே ஹாங் ஸான் தளத்தைத் தாழப் பறந்து தாக்கினார். மறுநாள் ஸ்குவாட்ரன் முழுவதும் அதே வழியில் சென்றது. இதற்காகவும் பர்மா யுத்தத்தில் செய்த பிற சேவைக்காகவும் அவருக்கு ‘டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ்’ கிடைத்தது.

அதே 1942-ல், ஆகஸ்டு மாதத்தில், பாட்டனார் தலைமை வகித்துத் தொடங்கிய காங்கிரஸின் கமிட்டிகளைச் சர்க்கார் சட்ட விரோதமாக்கித் தலைவர்களைச் சிறையிலிட்டது. பேரரின் மார்பில் பதக்கம். பாட்டனாரின் ஸ்தாபனத்துக்கு விலங்கு! இவ்விரண்டையும் ஒரே கையே செய்தது.

1939-ல் நம்மைக் கேளாமலே நம்மை யுத்தத்தில் இழுத்துவிட்டார் வைஸ்ராய். அதைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிகள் ராஜிநாமாச் செய்தது சரியே என்பதில் நமக்கு இன்றும் ஐயமில்லை. ஆயினும், யுத்தத்தைப் பிரகடனம் செய்தவனுடைய குற்றத்தை, அதில் பறந்தவன் தலையில் சுமத்துவது எந்தச் சட்டத்தில் உள்ளது? 1944-ல் அவர் ஐரோப்பா சென்று, 268-வது ஸ்குவாட்ரனில் சேர்ந்து, பிரான்ஸில் சத்துருவின் நிலைகளுக்கு மேல் பறந்து புகைப்படம் எடுத்தார். அப்பணிக்காக அதே பதக்கத்துக்கு ‘பார்’ என்னும் பட்டையும் சேர்ந்தது. அந்த மகாயுத்தத்தில் இவ்வாறு இருமுறை கௌரவிக்கப்பட்ட இந்திய விமானப் படை வீரர் அவர் ஒருவரே. இந்தியனுக்கு விமானப் படையை நடத்தும் திறமை உண்டா என்று ஐயுற்றவர்களுக்கு அவர்களது கெஜட்டே விடையளித்தது.

1945 பிப்ரவரி 17-ல் லாகூரில் அவர் ஓட்டிய ஹரிக்கேன் விழுந்து மாண்டார். வயது 31. சுதந்திரத்தைக் காணவில்லை.

இங்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பதக்கம் சத்துருவுக்கெதிராகப் பறந்த அதிகாரிகளுக்கென்று 1918-ல் ஏற்படுத்தப்பட்டது. லைஸாண்டரில் குண்டைப் பூட்டி, இயந்திரத்தைச் சரிபார்த்து அனுப்பிய சிப்பாய்கள் அன்று அதற்கு அருகிலும் வர முடியவில்லை. மஜும்தாரின் பெயரை நம் பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில், 1942-ல் சிறை சென்றோர் பெயருக்கு அடுத்த பக்கத்தில் அச்சிடுக. அந்தத் தளத்தில் உழைத்த சிப்பாய்களின் பெயர்களையும் தேடியெடுத்து அதே பக்கத்தில் சேர்க்குக.