போய் வந்தவர் சொல்

சம்பா அறுவடை முடிந்து, வயலில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்துவிட்டால் நமது பக்கத்துக் குடும்பங்களுக்குச் சிறிது மூச்சுவிட நேரம் கிடைக்கின்றது. பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வுகளும் முடிந்துவிடுகின்றன. மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும் வரை கையில் சில வாரங்கள் உண்டு. நீடாமங்கலத்திலிருந்து பட்டணம் செல்லும் பயணங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன. ஆகவே ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்தில் கூடி நிற்போரிடையே இந்நாட்களில் ஒரே பேச்சுத்தான். சென்னைக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுகிறார்கள். எந்த வண்டியில் ஏறுவது, எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது, தியாகராய நகரில் எந்தக் கடையில் சேலை மலிவு என்று பேச்சு நீளுகின்றது. பங்குத்தந்தை அடுத்த திருப்பலிக்கு ஆயத்தமாகி வந்து பார்க்கும்போதும் இவர்கள் மாம்பலத்தைக் கடந்திருப்பதில்லை.

இது நம்மவர்க்குப் புதிய பழக்கமன்று. பரிசில் பெற்று வரும் பாணன், எதிரே வறுமையோடு வரும் வேறொரு பாணனுக்கு வழி கூறுவதையே ஓர் இலக்கிய வகையாக்கி, அதற்கு ஆற்றுப்படை என்று பெயரும் சூட்டியவர்கள் தமிழர். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைகளே. அவற்றுள் பொருநராற்றுப்படை காவிரி நாட்டுக் கரிகாலனிடம் செல்ல வழிகாட்டுவது. எந்த வழியாகப் போகவேண்டும், இடையில் எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பவற்றையெல்லாம் அந்நூல்கள் விரித்துரைக்கின்றன. நமது ஊரும் வழிப்போக்கர்களை அறிந்த ஊர்தான். தஞ்சை மராத்திய மன்னர் காலத்தில் இங்கே எழுந்த யமுனாம்பாள் சத்திரம் யாத்திரிகர்களுக்குச் சோறிட்டது. இன்றும் ஆகஸ்டு மாத இறுதியில் வேளாங்கண்ணியில் கொடியேறும் நாட்களில், தஞ்சைச் சாலையில் காவி உடுத்து நடந்துவரும் பக்தர்கள் நம்மிடந்தான் கேட்கிறார்கள்: அடுத்துத் தண்ணீர் எங்கே கிடைக்கும், இரவில் எங்கே படுக்கலாம், திருவாரூர் இன்னும் எவ்வளவு தூரம் என்று. நமது ரயில்வே கேட்டில் நெடுநேரம் நின்று பொறுமை பழகிய நாமும் அவர்களுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்லுகிறோம்.

ஆனால் பட்டணம் போய் வந்தவர் சொல்லும் சொல்லில் ஒரு குறை உண்டு. கடலைப் பார்த்ததைச் சொல்லுவார். கடற்கரையிலிருந்து விடுதிக்குத் திரும்ப வழி தெரியாமல் இரண்டு மணி நேரம் அலைந்ததைச் சொல்லமாட்டார். ஒரே நாளில் ஏழு இடங்களைப் பார்த்தோம் என்பார். ஏழாவது இடத்தில் தாயார் கால் வீங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டதை மறைப்பார். வழி தவறியதைச் சொல்ல நாணுகிறோம். கேட்பவருக்குப் பயன்படுவதோ பெரும்பாலும் அந்தப் பகுதிதான்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அதைப் பிறர்மேல் ஏற்றாமல் நம்மீதே ஏற்றிச் சொல்லவேண்டியவர்களாய் இருக்கிறோம்.

2024 பிப்ரவரியில் நமக்கு நன்கு தெரிந்த ஒரு விதவைத் தாய், தம் மகளைச் சென்னைக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைத்துச்செல்லவேண்டி வந்தது. ரயிலில் இடம் கிடைக்கவில்லை. இருவருக்கும் அதுவே முதல் சென்னைப் பயணம். நம்மிடம் வந்து வழி கேட்டார். நாம் பட்டணம் அறிந்தவர் என்ற பெயர் நமக்கும் பிடித்துத்தான் இருந்தது. "கவலை வேண்டாம் அம்மா. இரவுப் பேருந்தில் ஏறுங்கள். கோயம்பேட்டில் கடைசியாக நிற்கும். பேருந்து நிலைய வாசலிலேயே மெட்ரோ. அதில் ஏறினால் எழும்பூர்" என்று கூறி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தோம். நாம் அவ்வழியில் சென்றது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. அதைச் சொல்லத் தோன்றவில்லை.

2023 டிசம்பர் 30 ஆம் நாள் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் தென்மாவட்டப் பேருந்துகளும் நமது பகுதிப் பேருந்துகளும் அங்கேயே நின்றுவிடலாயின. செய்தித்தாளில் நாமும் இதைப் படித்திருந்தோம். ஆனால் படித்தது வேறு, வழி சொல்லும்போது நாவில் வருவது வேறு.

பேருந்து காலை ஆறரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் நின்றது. தாயும் மகளும் இறங்கவில்லை. இன்னும் கோயம்பேடு வரவில்லை என்று உட்கார்ந்திருந்தார்கள். நடத்துநர் வந்து இறக்கிவிட்டார். மெட்ரோ எங்கே என்று கேட்டார்கள். அங்கே மெட்ரோ இல்லை. நமது தாளில் கோயம்பேடு என்று எழுதியிருந்ததால், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்பேட்டுக்கு ஆட்டோவில் போனார்கள். திரும்பி வருவதற்கென்று முடிந்துவைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. காலை நேர நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தது. கோயம்பேட்டில் மெட்ரோ ஏறி எழும்பூர் சேர்ந்தபோது மணி பத்து. நேர்முகத் தேர்வு ஒன்பதுக்கு.

அவர்கள் கிளாம்பாக்கத்திலிருந்து சிறிது தூரத்திலுள்ள வண்டலூர் ரயில் நிலையத்துக்குச் சென்று மின்சார ரயிலில் ஏறியிருந்தால், எங்கும் மாறாமல், சில ரூபாய்ச் செலவில் நேரே எழும்பூரில் இறங்கியிருக்கலாம். நமது தாள்தான் அவர்களைச் சுற்றவைத்தது.

அடுத்த ஞாயிறு அந்தத் தாய் வழக்கம்போல ஆலயத்துக்கு வந்தார். வழக்கம்போல "தோத்திரம் ஐயா" என்றார். நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து மகள் வாயிலாகவே அறிந்தோம். நாம் வருத்தம் தெரிவித்தபோது அந்தத் தாய் சொன்னது இதுதான்: "நீங்க நல்லதுக்குத்தானே ஐயா சொன்னீங்க." அவர் கடிந்துகொண்டிருந்தால் நமக்கு இலேசாயிருந்திருக்கும்.

எனவே இவ்வாண்டு முற்றத்தில் வழி சொல்லுவோர் யாவரிடமும் நாம் முதலில் கேட்பது, "நீங்கள் கடைசியாகப் போனது எந்த ஆண்டு?" என்பதே. சிலருக்கு இது பிடிப்பதில்லை. பட்டணமோ நாளுக்கு நாள் மாறுகின்றது. மயிலாப்பூரிலும் லஸ்ஸிலும் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகச் சாலைகள் திருப்பிவிடப்பட்டதால், பிறந்தது முதல் அங்கேயே வாழ்பவர்களும் தடுமாறினார்கள். எழும்பூர் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலைகளால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றதும் உண்டு. மன்னார்குடியிலிருந்து நமது ஊர் வழியாகச் செல்லும் மன்னை விரைவு வண்டியாயினும், தஞ்சையிலிருந்து புறப்படும் உழவன் வண்டியாயினும், பகலில் செல்லும் சோழன் வண்டியாயினும், அது எங்கே முடிகின்றது என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும் நாளிலும் புறப்படும் நாளிலும் ஆக இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மன்னார்குடிப் பாதையே 1976 இல் மூடப்பட்டு, 2011 செப்டம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. நம் வீட்டு வாசலிலேயே முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு ரயில் இல்லாமற்போய்த் திரும்பி வந்ததை அறிந்த நாம், பழைய வழி அப்படியே இருக்கும் என்று எப்படி நம்பினோமோ!

முன்பதிவும் மாறியிருக்கின்றது. 120 நாட்களுக்கு முன்பே பதியலாம் என்றிருந்தது 2024 நவம்பர் முதல் 60 நாட்களாயிற்று. மூத்தோர்க்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பாட்டியின் பயணத்துக்குப் பாதிப் பணம் போதும் என்று கணக்கிட்டு நிலையத்துக்கு வந்தவரை நாமே கண்டிருக்கிறோம். ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் 2016 முதல் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாமென்றால் பாதி. இது சிறு தொகையன்று. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் பயணம் உண்டா இல்லையா என்பதையே இது முடிவுசெய்கின்றது.

நகருக்குள் சென்றபின் செலவைக் குறைக்க வழிகள் பல. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எல்லாப் பேருந்துகளுக்கும் இது பொருந்தாது என்பதை நினைவில் வைக்கவேண்டும். கைப்பேசி பழகிய பிள்ளைகள் உடன் வந்தால், 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சீட்டு வாங்கலாம்.

பார்க்கும் இடங்களைப் பற்றி நாம் சொல்லுவது ஒன்றே: மின்சார ரயில் பாதையை ஒரு ஜெபமாலையாக எண்ணிக்கொள்ளுங்கள். கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. இன்று அது செங்கற்பட்டு வரை நீளுகின்றது. நாம் தெற்கிலிருந்து செல்லுகிறோம் ஆகையால், மணிகள் வரிசையாக வருகின்றன. முதலில் வண்டலூர் உயிரியல் பூங்கா. 1855 இல் நகருக்குள் தோன்றிய காட்சிசாலை 1985 இல் இவ்விடத்துக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. பேருந்தில் வருவோர் முதல் நாளே இதைப் பார்த்துவிட்டால் பின்னர் இவ்வளவு தூரம் திரும்பி வரவேண்டியதில்லை. அடுத்துப் பரங்கிமலை. நிலையத்தில் இறங்கி மலையடிவாரம் செல்லலாம். ஏறத்தாழ 300 அடி உயரம். படிகளும் உண்டு, வாகனம் ஏறும் சாலையும் உண்டு. முழங்கால் வலியுள்ளோர் படிகளை இளையோர்க்கு விட்டுவிடலாம். புனித தோமையார் உயிர்நீத்த இடம் என்று வழிவழியாகப் போற்றப்படும் அம்மலைமேல் 1523 இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் நிற்கின்றது. வெயிலுக்கு முன் ஏறிவிடவேண்டும். மேலிருந்து பார்த்தால் விமானங்கள் நம் கண்மட்டத்தில் இறங்குவது போலிருக்கும். பிள்ளைகள் மன்றாட்டுக்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அடுத்து, சைதாப்பேட்டைக்கு அருகே சின்னமலைக் குகை. சின்னமலை என்ற பெயரிலேயே மெட்ரோ நிலையமும் இருக்கின்றது.

எழும்பூரில் இறங்கினால் நடந்தே போகும் தூரத்தில் அரசு அருங்காட்சியகம். 1851 இல் நிறுவப்பெற்றது. வெள்ளிக்கிழமை விடுமுறை. நம் பக்கத்தார் அங்குள்ள செப்புத் திருமேனிக் கூடத்தைத் தவறவிடுகிறார்கள். மதம் வேறாயினும் அக்கூடத்திலுள்ள அரிய திருமேனிகள் பல நமது காவிரி மண்ணில் வார்க்கப்பட்டவை. திருவெண்காட்டு அர்த்தநாரி அங்கேதான் நிற்கின்றது. பட்டணத்தில் நம் ஊர்ப்பக்கத்து உறவினரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி அதில் உண்டு.

சாந்தோம் மட்டும் இந்தப் பாதையில் இல்லை. கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கவேண்டும். 1896 இல் நேர்ந்தளிக்கப்பட்ட இன்றைய பேராலயத்தின் கீழே தோமையாரின் கல்லறை இருக்கின்றது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அங்கே மன்றாடினார். மாலைத் திருப்பலியும் கடற்காற்றும் ஒரே நேரத்தில் அமையுமாறு செல்வது நலம். கடலில் மட்டும் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். மெரினாவின் அலை நம் வெண்ணாறு அன்று.

முற்றத்தில் பேசுவோர் எல்லாரும் உல்லாசப் பயணம் போகிறவர்கள் அல்லர் என்பதையும் கவனித்திருக்கிறோம். ஓரமாக நின்று, ஒன்றும் கேளாமல், பிறர் கேட்பதையே கேட்டுக்கொண்டிருப்போர் சிலர் உண்டு. அவர்கள் போவது பெரிய மருத்துவமனைக்கு. நோயின் பெயர் வெளியே தெரிந்துவிடுமே என்று வாய் திறப்பதில்லை. அத்தகையோரிடம் நாமே சென்று, என்ன ஏது என்று துருவாமல், "சென்னைப் பக்கம் போவதாயிருந்தால் கிளாம்பாக்கத்திலிருந்து வழி எழுதித் தருகிறோம்" என்று மட்டும் சொல்லலாம். அதற்கு அவர்கள் சம்மதிக்கிறார்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நீண்ட மாலை ஒன்றில் எழும்பூர் அருங்காட்சியகத்தையோ சாந்தோம் கடற்கரையையோ அவர்களும் பார்க்கட்டுமே.

அந்த மகள் இப்போது தஞ்சையில் ஒரு பள்ளியில் பணியாற்றுகிறாள். ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில், திருமண அறிக்கைகளுக்குக் கீழே, அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கின்றது. கிளாம்பாக்கத்தில் இறங்குவது முதல் எழும்பூர் வரை படிப்படியாக எழுதி, எங்கே ஏமாந்தோம் என்பதையும் மறைக்காமல் குறித்திருக்கிறாள். தாளின் தலைப்பில் தேதி இருக்கின்றது. விடுமுறைக்கு முன் ஒவ்வொரு முறையும் விசாரித்துப் பழைய தேதியை அடித்துப் புதிய தேதி எழுதுகிறாள். இதுவரை மூன்று தேதிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன.