வெளியே தெரியாத காயமும் காயந்தான்



சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலை, பெரட்டுக்கு முன்னாலேயே, ஓர் அம்மா ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டினார். "ஐயா, அவருக்கு ஒண்ணுக்கே போக மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் ரத்தம் கட்டி கட்டியா வந்துச்சு" என்று அழுதார்.

கணவருக்கு வயது 57. புரோஸ்டேட் வீக்கத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து 12 நாள்தான் ஆகியிருந்தது. முதல் நாள் குலை வெட்டப் போயிருக்கிறார். "ஏன் போனீங்க?" என்றேன். "வெட்டுக் காயமே இல்லீங்களே, ஐயா" என்றார். உடனே வண்டியில் அனுப்பினேன். அங்கே குழாய் விட்டு ரத்தக் கட்டியைக் கழுவி எடுத்தார்கள். பிழைத்தார்.

இங்கேதான் நம்ம ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். இந்த ஆபரேஷனில் வயிற்றைக் கிழிப்பதில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, வீங்கிய சதையை மின்சாரத்தாலோ லேசராலோ எடுத்துவிடுகிறார்கள். வெளியே தையல் கிடையாது. உள்ளேயோ பச்சைப் புண். அந்தப் புண்ணின் பொருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் உதிரும். அப்போது கொஞ்சம் ரத்தம் வருவது சகஜம். அந்த நேரத்தில் பாரம் தூக்கினாலோ, மலச்சிக்கலில் முக்கினாலோ ரத்தம் பெருகி, கட்டியாகி, வழியை அடைத்துவிடும்.

சிறுநீர் லேசாகச் சிவந்தால் தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். ரத்தம் கெட்டியாக வந்தாலோ, கட்டி விழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வெட்கப்பட்டு விடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதை நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும் அவர் சொல்படிதான்.

ஆனால் ஆளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கூலி போனால் அடுப்பு எரியாது என்ற பயந்தானே அவரை வேலைக்கு விரட்டியது? மண்டோரும் "நல்லாத்தானே நடக்கிறே" என்கிறார்.

2023 ஜனவரி முதல் 1955 வேலைச் சட்டத்தின்படி, சாதாரண மருத்துவ விடுப்பு போக, ஆஸ்பத்திரி விடுப்பு மட்டும் வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு உண்டு. டாக்டர் சான்றிதழ் வேண்டும். ஆகவே வீடு திரும்பும் முன், எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். விடுப்பு முடிந்தாலும் அந்தக் கெடு தீரும்வரை லேசான வேலைதான் கொடுக்க வேண்டும் என்று கிளைத் தலைவர்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

கையில் கட்டுப் போட்டவனைக் குலை தூக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. உள்ளே புண் உள்ளவனுக்கும் அதே நியாயந்தான்.