குளத்தின் ஆழம் யாருக்குத் தெரியும்?

சாத்தான்குளம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். பக்கத்திலேயே பேய்க்குளம் என்றும் ஓர் ஊர் உண்டு என்றால் சிரிப்பு இன்னும் பலமாகிறது. சாத்தன் என்பது ஐயனாருக்குப் பழைய பெயர் என்பதும், திருநெல்வேலிச் சீமையில் குளக்கரைதோறும் சாஸ்தா காவல் இருப்பார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. போகட்டும். காவலுக்குச் சாமியை வைத்தோமே, கணக்குக்கு யாரை வைத்தோம் என்பதுதான் என் கேள்வி.

ஒரு பங்குனி மாத மாலையில் அந்தப் பக்கத்துக் குளக்கரை ஒன்றில் நின்றிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மடையைக் காட்டினார்.

"சின்னப் பிள்ளையில இந்த எடத்துல முங்குனா காலு தரை தட்டாது, அண்ணாச்சி. இப்பம் பாருங்க, நடுக்குளத்துல எங்க ஆடு நிக்குது."

"எத்தனை அடி மண் ஏறியிருக்கும்?"

"அதை யாரு அளந்தா?"

இதே கேள்வியை ஓர் அதிகாரியிடமும் கேட்டேன். அவர் பதிவேட்டைப் புரட்டி, கொள்ளளவு இத்தனை மில்லியன் கன அடி என்று தசம ஸ்தானம் வரை சுத்தமாகச் சொன்னார். "எப்போது அளந்தது?" என்றேன். "ரிக்கார்டில் இருக்கிறது, சார்" என்றார். அந்த எண்ணுக்கு என்ன வயது என்று அவருக்கும் தெரியவில்லை. ஆடு மேய்ப்பவராவது தெரியாது என்பதை ஒப்புக்கொண்டார்.

அளப்பது நம் கடற்கரைக்குப் புதிய வித்தை அல்ல. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அந்தக் காலத்தில், முதலில் ஆளை இறக்கிப் பார்களைச் சோதித்து, சிப்பிகளின் வயதையும் தொகையையும் கணித்த பிறகுதான் குளிப்புக்கு அறிவிப்பு வரும். இன்று வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல் வரும் கால்வாயின் ஆழத்தை ஒலி அனுப்பி அளக்கிறார்கள். மண் ஏறினால் வாருகிறார்கள். ஏன்? ஆழம் தப்பினால் கப்பல் தரை தட்டும். கப்பல்காரன் நஷ்டஈடு கேட்பான். குளத்தில் மண் ஏறினால் தரை தட்டுவது விவசாயியின் வயிறு. அவன் யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பான்?

"தூர் வாருகிறோமே!" என்பார்கள். வாருகிறார்கள், மறுக்கவில்லை. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். விவசாயிகள் வண்டல் அள்ளவும் அனுமதி உண்டு. நல்ல காரியம். ஆனால் எடுத்த மண்ணை லாரிக் கணக்கில் சொல்கிறார்கள். கூடிய ஆழத்தைச் சொல்வதில்லை. நூறு ஏக்கர் குளத்தில் ஒரே ஓர் அடி மண் ஏறினால் அது 43,56,000 கன அடி. இரண்டு யூனிட் லாரியில் ஏற்றினால் 21,780 நடை. ஐநூறு நடை ஓடிவிட்டுக் குளத்தைத் தூர் வாரிவிட்டோம் என்றால், பாயசத்தில் ஒரு கரண்டி எடுத்துவிட்டு அண்டாவைக் காலி செய்தேன் என்பது போலத்தான்.

அளக்காமல் தோண்டுவதால் கெடுதலும் உண்டு. மடையின் அடிக்கல்லுக்குக் கீழே பறித்த பள்ளத்தில் தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. களிமண் படுகையைக் கிழித்துவிட்டாலோ, நீர் மணலில் இறங்கிப் போய்விடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன. உடைந்த கரை கண்ணுக்குத் தெரியும், அடைத்தாக வேண்டும். அந்த வெள்ளம் குளத்துக்குள் இறக்கிவிட்டுப் போன சேறு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளம் போனால், ஆடிக் காற்று தேரி மணலை வாரிக்கொண்டு வருகிறது. மண் வருவதற்கு இரண்டு வழி. கணக்குக்கு ஒரு வழியும் இல்லை.

தாமிரபரணி உபரி நீரைச் சாத்தான்குளம் தேரி வரை கொண்டுவரும் கால்வாய் வேலை 2009-ல் தொடங்கி, 2025 பிப்ரவரியில் திறப்பு விழா கண்டது. பல நூறு கோடி ரூபாய்ச் செலவு. தண்ணீர் வரும் வழிக்கு இத்தனை கோடி! வந்து தங்கும் இடத்தை அளக்க ஒரு மூங்கில் கழி கிடைக்கவில்லையா?

கழி போதும் என்று விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. மடையின் அடிக்கல்லை அடையாளமாக வைத்து, கரைக்குக் கரை கயிறு கட்டி, பத்தடிக்கு ஒரு முறை, அடியில் தட்டு வைத்த கழியை இறக்கினால் தண்ணீரின் ஆழம் தெரியும். மெல்லிய இரும்புக் கம்பியைக் கெட்டித் தரை வரை குத்தினால் சேற்றின் கனம் தெரியும். ஆண்டுதோறும் அதே இடங்களில் அளந்தால், எங்கே எவ்வளவு ஏறியது என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் விளங்கும். வானத்துச் செயற்கைக்கோள் குளத்தின் பரப்பைப் படம் பிடிக்கும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சேற்றின் கனத்தைச் சொல்லாது.

அப்படி அளந்ததை எழுதி ரேஷன் கடை வாசலில் மாட்டட்டும். தூர் வாருவதற்கு முன் ஓர் எண், வாரிய பின் ஓர் எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பில் கொடுக்க வேண்டும். இதை யார் எதிர்க்கிறார்கள் என்று பாருங்கள். மண் எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

குளக்கரை ஐயனார் கையில் செண்டு வைத்திருக்கிறார். நம் கையில் ஒரு கழியாவது வேண்டாமா?