துன் வதி இளவரசி அல்லள்

பரிசு பெற்ற சரித்திர நாவல் ஒன்றைப் பாராட்டிச் சக இதழ் ஒன்றில் சென்ற மாதம் ஒரு கட்டுரை வந்தது. மலாக்காவின் அரியணை யாருக்கு என்பதை முடிவு செய்தவள் ஒரு தமிழ் இளவரசி என்கிறது அது. நம் எழுத்தாளர்கள் தோட்டக்காட்டை விட்டு வெளியேறி இனி அரண்மனைக்குள் நுழையவேண்டும் என்றும் அறிவுரை சொல்கிறது. இவ்விதழுக்கு வேறொரு தலையங்கம் எழுதி முடித்திருந்தேன். அதை எடுத்து வைத்துவிட்டேன். 'இளவரசி' என்ற அந்த ஒரு சொல் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

சொல்லப்படுபவள் துன் ரத்ன வதி. பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு அவளுக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. கெலிங் நாட்டிலிருந்து கப்பலேறி வந்த மணி புரிந்தான், மலாக்காவில் ஸ்ரீ நர திராஜா என்ற பிரதானியின் மகள் ரத்ன சுந்தரியை மணந்தார். பிள்ளைகள் இருவர்: துன் அலி, துன் வதி. வதி சுல்தான் முகமது ஷாவுக்கு வாழ்க்கைப்பட்டு ராஜா காசிமைப் பெற்றாள். அவ்வளவுதான்.

'துன்' என்பது என்ன? மலாய் அரசவையில் அது பெருங்குடிப் பிறப்பைக் காட்டும் அடைமொழி. அரச ரத்தத்தைக் காட்டுவது அல்ல. அரசன் மகள் என்றால் 'புத்ரி' என்றோ 'ராஜா' என்றோ சொல்லியிருப்பார்கள். அந்த அரண்மனையில் உண்மையாகவே ஓர் இளவரசி இருந்தாள். ரோக்கான் நாட்டு அரசன் மகள் அவள், முகமது ஷாவின் பட்டத்து மனைவி. காசிம் மூத்தவனாக இருந்தும் பட்டம் அவனுக்கு வராமல் போனதற்குக் காரணம் அவன் தாய் இளவரசியாக இல்லாததே. கதையின் முடிச்சே அதுதான். வதியை இளவரசியாக்கிவிட்டால் காசிமுக்கு வழக்கே இல்லை, நாவலும் இல்லை.

கட்டுரையாளர் காட்டும் அடுத்த சான்று பெயர்கள். ரத்ன சுந்தரி, ரத்ன வதி என்ற பெயர்கள் தமிழ் மணக்கின்றனவாம். ரத்ன சுந்தரி மலாய்ப் பிரதானியின் மகள். வெளியிலிருந்து வந்தவர் அவள் கணவர். ரத்ன, சுந்தரி, வதி என்ற வடசொற்கள் மலாய் அரசவைகளில் இஸ்லாத்துக்கு முன்பே குடியேறியவை. கெலிங் என்ற சொல்லும் அன்று சோழமண்டலக் கரை முழுவதையும், தமிழரையும் தெலுங்கரையும் சேர்த்தே குறித்தது. மணி புரிந்தான் தமிழ் முஸ்லிம் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பெயரின் வாசனையை வைத்து அதை நிறுவ முடியாது. இன்று நம்மை வசைபாடப் பயன்படும் இந்தக் கெலிங் என்ற சொல், அந்த நூலில் ஒரு பெருங்குடியின் மூதாதை வந்த நாட்டின் பெயராக, எந்த இழிவும் ஒட்டாமல் நிற்கிறது. எழுத வேண்டியது அதைப் பற்றி.

முகமது ஷாவுக்குக் காசிம்மேல்தான் பிரியம். ஆனாலும் ராணியின் சொல்லுக்கு அடங்கி இளையவன் இப்ராகிமை வாரிசாக்கினார். காசிம் யாரிடமாவது ஒரு வெற்றிலையை எடுத்தாலும் கோபித்த அரசர், இப்ராகிம் செய்த எதையும் கண்டுகொள்ளவில்லை என்கிறது நூல். 1444இல் அவர் இறந்ததும் இப்ராகிம் பட்டமேறினான். ஆட்சியோ அவனைக் காக்க வந்த ரோக்கான் அரசன் கையில். விரட்டப்பட்ட காசிம் மீன் பிடித்து விற்றுப் பிழைத்தான். மலாய்க்காரர் மேல்காற்று நாடு என்றழைத்த மேற்கிலிருந்து வந்த கப்பலில் மௌலானா ஜலாலுதீன் என்ற அறிஞர் இருந்தார். மீன் விற்க வந்தவனை மரியாதையோடு உட்காரவைத்து, நீ அரசனாவாய் என்றார். அந்த வார்த்தையோடு காசிம் போய் நின்ற வாசல் தாய்மாமன் துன் அலியின் வாசல். ஓர் இரவில் யானை வந்தது, தலைமை அமைச்சரான பெந்தகாரா தந்திரமாக வெளியே வரவழைக்கப்பட்டார், அரண்மனை வளைக்கப்பட்டது. ரோக்கான் அரசன் தான் சாகும்போது சிறுவன் இப்ராகிமையும் குத்திக் கொன்றான். ஒரு வருடம் ஐந்து மாதம் ஆண்ட அவனுக்கு அபு ஷாஹித் என்ற பெயரே எஞ்சியது. காசிம் 1446இல் முஸபர் ஷா ஆனான்.

மௌலானா கேட்டிருந்த கூலி ரோக்கான் இளவரசி. புதிய சுல்தான் அவளைக் கொடுக்கவில்லை. அரண்மனைப் பெண் ஒருத்திக்கு நகை பூட்டி, பட்டு உடுத்தி, இவள்தான் இளவரசி என்று ஒப்படைத்தார். மௌலானா நம்பி அழைத்துப் போனார். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. இந்தப் பகுதியைப் பல முறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கப்பல் துறையை விட்டு நகரும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன். பரிசு நாவல் இவளைத் தாண்டிப் போய்விட்டது. சுல்தான் இவளுக்குப் போட்ட இளவரசி வேடத்தையே வதிக்கும் போட்டிருக்கிறது.

கைமாற்றப்பட்டவள் அவள் மட்டும் அல்ல. முஸபர் ஷாவின் மனைவியரில் ஒருத்தி துன் குடு, பெந்தகாராவின் மகள், துன் பேராக்கின் சகோதரி. துன் அலிக்கும் துன் பேராக்குக்கும் பகை முற்றியபோது அலி பதவி விலகச் சம்மதித்தார். கேட்ட விலை துன் குடு. சுல்தான் மனைவியை விலக்கி, வயதான தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவள் வயிற்றில் பிறந்தவன் துன் முதாஹிர். அவன் மகள் துன் பாத்திமா. தந்தையையும் கணவனையும் கொன்ற சுல்தான் மகமூதுக்கே மனைவியாகி, தன் மகனுக்கு அரசுரிமை வாங்கினாள். அதனால் ஒதுக்கப்பட்ட மகமூதின் இன்னொரு மகன் முஸபர் 1528இல் பேராக்கின் முதல் சுல்தான் ஆனான்.

செஜாரா மெலாயுவை எழுதிய துன் ஸ்ரீ லானாங் தன் முன்னோர் வரிசையை முகவுரையிலேயே தருகிறார். அது துன் அலி வழியாக மணி புரிந்தானிடம் போய் முடிகிறது. எழுதியவர் வதியின் அண்ணன் வழித்தோன்றல். சொந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கே அவர் கொடுத்த இடம் அவ்வளவுதான்.

இந்த நூலைச் சிங்கப்பூரில் அச்சிட்ட முன்ஷி அப்துல்லாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. என் இருபதாவது வயதில் அவருடைய சுயசரிதையைக் கையில் எடுத்த இரவு தூங்கவில்லை. மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்குக்காகத் தமிழ் படிப்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், தன்னையும் தந்தை அதற்காக அனுப்பினார் என்றும் எழுதுகிறார். பினாங்கின் சூலியா (தமிழ் முஸ்லிம்) குடும்பத்து அகமது ரிஜாலுதீன் 1811இல் கல்கத்தாவைப் பற்றி மலாயில் எழுதிய நூலும் இருக்கிறது. தமிழ் வேரிலிருந்து மலாயில் எழுதிய இவர்களை நம் இலக்கிய வரலாறுகள் ஒரு பக்கம்கூடப் பேசுவதில்லை. கிரீடம் இல்லாதவர்கள் என்பதாலா?

இவ்விதழ் கேமரன் மலையிலிருந்து வருகிறது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது காட்டை வெட்டிச் செடி நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தாப்பாவிலிருந்து பேருந்து ஏறினால், பாத்திமாவின் மகனால் அரியணை இழந்தவன் நிறுவிய பேராக்கைக் கடந்து பகாங்குக்குள் நுழைகிறோம். பகாங்கில் 1470இல் முதல் சுல்தானான முகமது, முஸபர் ஷாவின் மகன் மன்சூர் ஷாவின் மகன். அதாவது வதியின் கொள்ளுப்பேரன். நாங்கள் கொழுந்து பறித்த மண் அவள் வழிவந்தவர்கள் ஆண்ட மண். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது. தெரிந்த அன்று உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்புக்கு அவள் இளவரசியாக இருக்க வேண்டியதில்லை.

தோட்டக்காட்டை விட்டு வெளியேறுங்கள் என்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கதை சலித்துவிட்டது என்று நடுவர் குழுக்களும் சொல்லத் தொடங்கிவிட்டன. நாற்பது ஆண்டுகளாக யதார்த்தவாதத்தைத் திட்டியவர்கள் இன்று பட்டும் பல்லக்கும் கேட்கிறார்கள். இது அழகியல் அல்ல, வெட்கம். தோட்டத்துக் காலைப் பெரட்டு வரிசையில் நின்ற பாட்டியைச் சொல்லக் கூசும் வாய்தான் மலாக்காவில் ஓர் இளவரசியைத் தேடுகிறது. என் பாட்டி செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் முப்பது ஆண்டுகள் இன்னார் மகள், இன்னார் பெண்சாதி என்றே இருந்தாள். பெயரை எழுதிய இடத்திலும் கிராணி பிழையாக எழுதினார். செஜாரா மெலாயுவில் வதியின் வரியை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு அந்தப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் தாய். இரண்டையும் எழுதிய கை ஒன்றே என்று தோன்றியது. அரண்மனைக்கும் லயத்துக்கும் நடுவே இவர்கள் எழுப்பும் சுவர் எனக்குத் தெரியவில்லை.

இனி எழுதப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மகன் படகில் மீன் விற்றுக்கொண்டிருந்த அந்த ஒரு வருடம் ஐந்து மாதம், துன் வதி யார் வீட்டில் இருந்தாள்? கணவன் இறந்துவிட்டான், சக்களத்தி மகன் அரசன், மகன் துரத்தப்பட்டவன். அண்ணன் துன் அலி அதே அரசவையில் பதவியோடு இருக்கிறான். கரையில் மீன் கூவி விற்கும் குரல்களில் தன் மகனின் குரலும் இருக்கிறதா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா? நூல் சொல்லவில்லை. பரிசு வாங்கிய நானூற்றுச் சொச்சம் பக்கங்களும் கேட்கவில்லை. அதை எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கமானாலும் அடுத்த இதழில் இடம் உண்டு.