அன்இன்ஸ்டால் என்னும் அருமருந்து

கம்ப்யூட்டரில் என்ன கோளாறு என்றாலும் நம்ம ஆட்கள் கையில் இருப்பது இரண்டே மருந்துதான். முதலில் ரீஸ்டார்ட். அதற்கும் கேட்கவில்லையா, அன்இன்ஸ்டால் பண்ணிவிட்டுத் திரும்பப் போடு. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையை எடுத்து நீட்டும் மெடிக்கல் ஷாப் அண்ணன் மாதிரி, நானும் கேட்டவர்களுக்கெல்லாம் இதையே கொடுத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அந்த மருந்தால் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இரண்டு அத்தியாயம் காலி. கொடுத்த பாவி நான்தான். அதனால்தான் இந்தப் புலம்பல்.

நாங்கள் நாலு பேர் ஒரு குழு. ரிப்போர்ட் மொத்தமும் ஒரு பொது ஃபோல்டரில் இருக்கும். அவரவர் டெஸ்க்டாப்பில் கிளவுட் சிங்க் செயலி ஒன்று; ஒருவர் கோப்பைச் சேமித்தால் அது சர்வருக்குப் போய், மற்ற மூன்று பேர் கணினியிலும் தானாக இறங்கும். எந்தக் கம்பெனியின் செயலி என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு நண்பன் போன் பண்ணினான். "மச்சி, ஐகான் ரெண்டு நாளா சுத்திக்கிட்டே இருக்குடா. நான் எழுதின சாப்டர் உங்களுக்கு வந்துச்சா?" வரவில்லை. ஆனால் நாங்கள் போட்டதெல்லாம் அவனுக்கு ஒழுங்காகப் போயிருந்தது. அதைக் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். இறங்குவது இறங்குகிறது, ஏறுவதுதான் ஏறவில்லை. நான் எங்கே யோசித்தேன்? தூக்கக் கலக்கத்தில், "அக்கவுண்ட்டை எடுத்துட்டு, அன்இன்ஸ்டால் பண்ணித் திரும்பப் போடுடா, சரியாயிடும்" என்றேன்.

அவன் சமத்துப் பிள்ளை. சொன்னதை அப்படியே செய்தான். புதிதாகப் போட்ட செயலி, இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறது. எல்லாம்தான் கிளவுடில் இருக்கிறதே என்ற தைரியத்தில் பழைய ஃபோல்டரை ஷிஃப்ட் டிலீட் அடித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் இறங்கி முடிந்து பச்சை டிக்கும் வந்துவிட்டது. சந்தோஷமாகத் தூங்கப் போய்விட்டான்.

காலையில் பார்த்தால் மூன்றாம், நான்காம் அத்தியாயங்கள் 11 நாளுக்கு முந்தைய நிலையில் இருந்தன.

காரணம் சப்பையானது. கணக்கில் இடம் தீர்ந்துவிட்டது. அவன் போனில் எடுத்த அக்கா கல்யாண வீடியோக்கள் எல்லாம் அதே கணக்கில்தான் ஏறிக்கொண்டிருந்தன. இடம் நிரம்பியதும் செயலி மேலே ஏற்றுவதை நிறுத்திவிட்டது. அதைச் சொல்லும் அறிவிப்பு எங்கே இருந்தது தெரியுமா? டாஸ்க்பார் மூலையில், அந்தச் சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஐகானின் மேல், ஒரு மிளகு அளவு மஞ்சள் முக்கோணமாக. நாலு வீடியோவை அழித்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

கிளவுடின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்குமே என்று கேட்பீர்கள். மேலே போன கோப்புக்குத்தான் அது பொருந்தும். போகாத கோப்பு அங்கே எப்படி இருக்கும்? அழிந்ததை மீட்கும் மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தோம். அழித்த கோப்பு ஹார்டு டிஸ்கில் உடனே மறைவதில்லை, வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும் வரை கிடக்கும் என்பது உண்மைதான். ஆனால் புதிதாகப் போட்ட செயலி அன்று ராத்திரியே மொத்த ஃபோல்டரையும் அதே டிஸ்கில் இறக்கியிருந்ததே! கல்லறை தோண்டி அதன் மேலேயே வீடும் கட்டியாயிற்று.

இப்போது என் கட்சி இதுதான்: சிங்க் வேலை செய்யாதபோது முதல் வேலை ரிப்பேர் இல்லை, காப்பி எடுப்பது. ஃபோல்டரை அப்படியே பென் டிரைவுக்கோ, சிங்க் ஆகாத வேறு இடத்துக்கோ நகல் எடுத்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். நகல் எடுக்கும்போதும் ஒரு சூட்சுமம் உண்டு. மேகக் குறி போட்ட கோப்புகள் உண்மையில் உங்கள் கணினியில் இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான். நெட் இல்லாமல் காப்பி பண்ணினால் அவை வராது.

"ஆனா ரீஇன்ஸ்டால் பண்ணினா நிறைய தடவை சரியாகுதே?" ஆகிறது. ஏன் ஆகிறது என்று பாருங்கள். எந்தக் கோப்பு ஏறியது, எது பாக்கி என்று செயலி தனக்குள்ளே ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. அது குழம்பினால் சிங்க் நிற்கும். ரீஇன்ஸ்டால் பண்ணும்போது புத்தகத்தைக் கிழித்துப் போட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறது. வம்பு என்னவென்றால், சில செயலிகளில் இன்னும் ஏறாத கோப்புகளும் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயேதான் கிடக்கின்றன.

இது என் கற்பனை இல்லை. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் செயலியில், 84-ஆம் பதிப்பு வைத்திருந்த சிலருக்குக் கோப்புகள் காணாமல் போயின. அப்போது கூகுளே சொன்ன அறிவுரை என்ன? 'டிஸ்கனெக்ட் அக்கவுண்ட்' பொத்தானை அழுத்தாதீர்கள். செயலியின் டேட்டா ஃபோல்டரை அழிக்கவோ நகர்த்தவோ வேண்டாம். டிஸ்கில் இடமிருந்தால் அதை நகல் எடுத்து வையுங்கள். டிசம்பரில் மீட்கும் வசதியோடு புதுப் பதிப்பு வந்தது. நான் ராத்திரி 11 மணிக்கு என்ன சொன்னேனோ, அதற்கு நேர் எதிர்.

காப்பி எடுத்தாயிற்று என்றால் அடுத்தது பிரவுசர். செயலியின் டிக்கை விட்டுவிட்டு, பிரவுசரில் உள்ளே போய் கோப்பு மேலே இருக்கிறதா, தேதி என்ன என்று பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். மீதிக்குக் கொஞ்சம் துப்பறிய வேண்டும். இடம் இருக்கிறதா? மீட்டர்டு இணைப்பு என்று செட்டிங்கில் வைத்து, அதனால் தானே நின்றுவிட்டதா? பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரம் மாதிரி விண்டோஸ் ஏற்காத எழுத்து இருக்கிறதா? என் வீட்டு அசெம்பிள்டு டெஸ்க்டாப்பில் கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். தேதி தப்பு என்றால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று செயலி இணையவே மறுக்கும். குற்றவாளி மதர்போர்டில் இருந்த நாணயம் சைஸ் பேட்டரி. அதற்கு எத்தனை தடவை ரீஇன்ஸ்டால் பண்ணியும் என்ன பிரயோஜனம்?

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேடிக்கை. 'கொ' என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விண்டோஸுக்கு இரண்டும் வேறு கோப்பு. ஒரே ஃபோல்டரில் 'கொள்கை' என்று இரண்டு கோப்பு நின்றால் பேய் என்று பயப்பட வேண்டாம் :-)

கம்பெனிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இடம் வாங்கச் சொல்லும் விளம்பரம் திரை பாதிக்கு வருகிறது. "உங்கள் 2 கோப்பு 11 நாளாக மேலே ஏறவில்லை" என்ற ஒரு வரியை அதே அளவில் காட்ட ஏன் மனசு வரவில்லை? கணக்கை நீக்கும்போது "ஏறாதவை இருக்கின்றன, நிஜமாகவா?" என்று கேட்டிருந்தால் என் நண்பன் நிறுத்தியிருப்பான். பச்சை டிக்குக்கு "இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது" என்று மட்டும்தான் அர்த்தம். அன்று ராத்திரி இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தன, இரண்டிலும் அந்த அத்தியாயங்கள் இல்லை.

டிராப்பாக்ஸை ஆரம்பித்த ட்ரூ ஹூஸ்டன், பஸ்ஸில் போகும்போது பென் டிரைவை மறந்து வந்த கடுப்பில்தான் அதை எழுதத் தொடங்கினார் என்று சொல்வார்கள். நாங்கள் இப்போது ஆளுக்கொரு பென் டிரைவ் வாங்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை தோறும் ஃபோல்டர் அதில் போகிறது.

நண்பன் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நான்காம் அத்தியாயத்தை அவன் திரும்ப எழுதிவிட்டான். மூன்றாவதை அவன் நோட்டைப் பார்த்து நான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் 14 பக்கம் பாக்கி.