பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்



சித்தேரி மலையிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் பாட்டி காலத்து மரப்பெட்டி ஒன்று இருக்கிறதாம். சாமை விதையும் கல்யாணப் புடவையும் அதில்தான் இருக்குமாம். ஊருக்கு வந்த வியாபாரி ஒருவர், "காட்டு மரந்தானே" என்று இரண்டாயிரம் ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார். வார்னிஷ் அடித்தால் இன்னும் கூடுதலாகப் போகுமா என்று கேட்கிறார் வாசகி.

வேண்டாம் அம்மா, அடித்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் தாத்தாவின் கணக்கு மேஜையைப் புதுசாக்குகிறோம் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். அவர் முழங்கை ஊன்றி ஊன்றி வழவழப்பான இடம் ஒன்று வலது ஓரத்தில் இருந்தது. ஒரே மத்தியானத்தில் அது போய்விட்டது. இன்றைக்கும் அந்த ஓரத்தில் என் கை அதைத் தேடுகிறது.

முதலில் பெட்டியைக் காலி செய்து கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கத்தை எத்தனையோ பேர் துடைத்திருப்பார்கள், எண்ணெய் பூசியிருப்பார்கள். அடிப்பலகையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். உள்ளங்கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுகிறதா? அது வாய்ச்சி செதுக்கிய தடம். வட்ட வட்டமாக ஒரே சீரான கீறல் தெரிந்தால் மில்லில் அறுத்த பலகை. ஆணியையும் பாருங்கள். கொல்லுப்பட்டறையில் அடித்த ஆணிக்கு உடம்பு சதுரமாக இருக்கும். கடை ஆணி உருண்டை. மூடிப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தால் குறை என்று நினைக்காதீர்கள். மரம் காயக் காய அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. பூச்சி அரித்த துளைக்குக் கீழே புது மாவு உதிர்ந்தால் மட்டும் உடனே கவனியுங்கள்.

'காட்டு மரம்' என்பது ஒரு மரத்தின் பெயர் இல்லை. தேக்கு தொட்டால் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், தோல் வாசனை அடிக்கும். பலா புதிதில் மஞ்சள், வயதாக ஆகச் செம்பழுப்பு. வேங்கையாக இருந்தால் ஒரு சிராயைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடியுங்கள். தண்ணீர் நீலமாக மினுங்கும். சர்க்கரை நோய்க்கு வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கிறார்களே, அதே மரம்தான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் கிடைக்கும் விலை உங்கள் பெட்டிக்குக் கிடைக்காமல் போகலாம். செட்டிநாட்டு வீடுகளின் பெயருக்கும் சேர்த்துத்தான் அங்கே பணம் கொடுக்கிறார்கள். மலைவீட்டுப் பெட்டிக்கு அப்படி ஒரு பெயரை யாரும் இன்னும் எழுதிவைக்கவில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம். பெட்டி நூறு வயது தாண்டியது என்று தெரியவந்தால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருளாகவே கருதப்படலாம். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

உங்கள் சித்தேரி மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி என்ற ஊர் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வந்த அரசுத் துறையினர் அந்த ஊர்ப் பெண்களுக்குச் செய்த கொடுமையை நாடே அறியும். வீடுகளைச் சூறையாடினார்கள், பண்டபாத்திரங்களை நொறுக்கினார்கள். 2011இல் 215 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அன்று உடைந்த சாமான்களில் யார் யாருடைய பாட்டி வீட்டுச் சீர் இருந்ததோ! அந்த வட்டாரத்தில் முழுசாகத் தப்பி நிற்கும் ஒரு பெட்டியை இரண்டாயிரத்துக்குப் பேசியதைப் படித்ததும் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். பிள்ளையின் படிப்புக்காக விற்கிறீர்கள் என்றால் அதில் தவறே இல்லை. ஆனால் விற்பதற்கு முன் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். மலையிலேயே செய்ததா, யாராவது தலைச்சுமையாக ஏற்றி வந்ததா? எந்தத் தச்சர், யாருடைய கல்யாணத்துக்கு? அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, அடிப்பலகைப் படத்தோடு எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை அதற்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்