அட்டையும் ஆளும்

காஞ்சிபுரத்துப் பட்டைக் கையிலெடுக்கும் நெசவாளர் அதன் மேற்புறத்து அழகோடு நின்றுவிடுவதில்லை. திருப்பி அடிப்புறத்தைப் பார்ப்பார். சரிகையைச் சற்றே சுரண்டி, உள்ளே சிவந்த பட்டிழை இருக்கிறதா என்று நோக்குவார். மினுமினுப்பு மட்டும் அசலுக்குச் சான்றாகாது என்பது தறியோடு பழகிய எவருக்கும் புதிதன்று. துணியில் இத்துணை விழிப்பாயிருக்கும் நாம், சங்கத்து மேசைக்கு வரும் அடையாள அட்டையிடம் அவ்விழிப்பைக் காட்டுகிறோமா?

ஆதாரின் பிளாஸ்டிக் அட்டை 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் வழங்கத் தொடங்கப்பெற்றது. சாய்த்தால் ஒளி மாறும் ஹோலோகிராம், கொடிப் பின்னல்போல் ஒன்றையொன்று ஊடுருவும் நுண்கோடுகள், வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றெழுத்து, புகைப்படத்தின் மங்கலான நிழலுரு ஆகியவை அதில் அமைந்துள்ளன. பருத்தித் தாளில் அச்சாகும் ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சாய்த்தால் அதன் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாவதும் இவ்வகை உபாயமே. சாதாரண அச்சு இயந்திரத்தால் இவற்றை அவ்வாறே உருவாக்குதல் அரிது.

ஆயினும் பல இடங்களில் நடப்பது என்ன? அட்டையின் ஜெராக்ஸ் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்ததென்று கருதுகிறோம். நகலில் ஹோலோகிராம் வெறுங்கறையாகும், சிற்றெழுத்து மங்கிப்போகும். அரும்பாடுபட்டு அமைத்த காவல்களை எல்லாம் நாமே களைந்துவிட்டு, போலிக்காரனுக்கு வாயிலைத் திறந்து வைக்கிறோம்.

அட்டையிலுள்ள கியூஆர் கட்டம் மற்றொரு காவல். பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் ஆகிய விவரங்கள் அதனுள் ஆதார் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பத்தோடு அடங்கியுள்ளன. ஆணையத்தின் செயலியைக் கொண்டு அதைப் படித்தால், உள்ளே ஓர் எழுத்து திருத்தப்பட்டிருப்பினும் கையொப்பம் பொருந்தாது. மேலே அச்சிட்ட பெயரை மட்டும் மாற்றியிருந்தாலோ, திரையில் பழைய பெயரே தோன்றி மோசடியைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. கையொப்பம் விவரம் மெய் என்று மட்டுமே கூறும். அட்டையை நீட்டுபவர் அதற்குரியவர்தாம் என்று கூறாது. பிறர் அட்டையைக் கொண்டுவருபவனைக் கண்டுபிடிக்க, திரையில் தோன்றும் படத்தையும் எதிரே நிற்பவர் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மனிதக் கண் வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நமது சங்கங்களில் ஒருவருக்கு ஒரு வாக்கு. போலி அங்கத்தினர் ஒருவர் நுழைந்தால் அவர் கவர்வது கடன் தொகையை மட்டுமன்று. மெய்யான அங்கத்தினர் ஒருவருடைய வாக்கின் மதிப்பையும் குறைத்துவிடுகிறார். பயிர்க்கடனும் சிக்கன நிதியும் நம் அனைவருடைய உழைப்பின் கூட்டுச் சொத்தல்லவா?

அதே வேளையில், கண்டிப்பு ஏழையின்மீது விழும் பழியாக மாறிவிடலாகாது. நாடா எறிந்து தேய்ந்த விரலும் களை பறித்துத் தேய்ந்த விரலும் கைரேகைக் கருவியில் சில வேளை பதிவதில்லை. அதற்காக நாற்பதாண்டு தறியில் அமர்ந்த முதியவரைப் போலியென்று திருப்பியனுப்புதல் அநீதி. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் கருவிழிப் பதிவு வந்திருப்பதும் இத்தகைய இடர்ப்பாடு கருதியே. கருவி கைவிடும் இடத்தில், பதிவேட்டையும் அறிந்த அங்கத்தினர் சாட்சியத்தையும் கொண்டு சங்கம் துணைநிற்க வேண்டும்.

ஆகவே அடுத்த மகாசபையில் மூன்று முடிவுகள் எடுத்தல் நலம். புதிய அங்கத்தினர் எவரும் மூல அட்டையுடன் நேரில் வரவேண்டும். கியூஆர் கட்டத்தைப் படித்து முகத்தை ஒப்பிட்ட பின்னரே செயலாளர் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். நகல் தேவைப்படின், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரே போதும். முழு எண்ணையும் கோப்புகளில் சிதறவிடுவது புதிய மோசடிக்கு வித்திடுவதாகும். ரேகை பதியாதவர்க்கு மாற்று வழி எழுத்தில் இருத்தல் வேண்டும்.

அட்டையில் எத்தனை காவல் வைத்தாலும், பார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டால் அவை வீணே. அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கும் நெசவாளரின் பழக்கம் நம் அலுவலகங்களுக்கும் வரட்டும்.